‘சும்மா பேருக்கு’ ஒரு பணிப்பாளர் வேண்டாம்

போன மாதம் ஒரு தம்பி அழைத்தான். என் நண்பனுடைய தம்பி, 25 வயது. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து லண்டனில் ஒரு ட்யூஷன் கம்பனி நடத்துகிறான். ஒன்றரை வருடத்தில் 11 ஆசிரியர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இப்போது பெற்றோல் நிலையங்கள் வைத்திருக்கும் ஒரு அங்கிள் 40 ஆயிரம் பவுண்ட் போட முன்வந்திருக்கிறாராம். காசோடு அவரும் பணிப்பாளராக வருவாராம்.

“நீங்களும் வாங்கோ அண்ணா. ரெண்டு பெரிய பேர் இருந்தா எங்களுக்கு ஒரு மதிப்பு. உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காது. சும்மா பேருக்குத்தான்.”

மாட்டேன் என்றேன். அவனுடைய மனம் சுருங்கியது குரலிலேயே தெரிந்தது. காரணத்தைத் தொலைபேசியில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களில் பலர் நண்பர்களோடு ஒரு கம்பனி தொடங்கியிருப்பீர்கள். இல்லையென்றால், என்றாவது ஒரு நாள் அப்பாவோ மாமாவோ ஒரு தாளை நீட்டி “இதிலை ஒரு கையெழுத்து வை” என்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

2016இல் நான் வைத்த கையெழுத்து

அப்போது எனக்கு 24 வயது. பொறியியலில் முதுகலை முடித்து, முதல் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான். அப்பாவும் மாமாவும் வடமேற்கு லண்டனில் ஒரு சிறிய கம்பனி நடத்திவந்தார்கள். வெளிநாட்டிலிருந்து உணவுப் பொருட்களை இறக்கித் தமிழ்க் கடைகளுக்கு மொத்தமாக விற்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அந்தத் தாளை எடுத்து வந்தார்.

“என்னப்பா இது?”

“உன்னையும் டிரெக்டராப் போடுறம். சும்மா பேருக்குத்தான். படிச்ச பிள்ளை ஒண்டு இருந்தா பாங்கிலை ஒரு மதிப்பு.”

வாசிக்காமலே வைத்தேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அன்றிரவே லிங்க்ட்இன்னில் ‘டிரெக்டர்’ என்று போட்டுக்கொண்டேன்.

பணிப்பாளர் சபையில் நாங்கள் நான்கு பேர். அப்பா, மாமா, அப்பாவின் ஊரைச் சேர்ந்த ஒரு அங்கிள், நான். அங்கிள் நல்ல மனிதர். கோயில் நிர்வாகத்தில் இருந்தவர், தொடக்கத்தில் காசு போட்டு உதவியவர். ஆனால் கூட்டத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வசனம், “நீங்கள் செய்தா அது சரியாத்தான் இருக்கும்.”

அந்த வசந்த காலத்தில் குளிரறையோடு இரண்டாவது களஞ்சியம் ஒன்றை எடுப்பது பற்றிக் கூட்டம் நடந்தது. ஐந்து வருட வாடகை ஒப்பந்தம். வங்கிக் கடன். கடனுக்கு அப்பாவின் தனிப்பட்ட பிணை. அந்தக் கம்பனியின் சரக்குக் கணக்கு மென்பொருளை மாணவனாக இருந்தபோது எழுதியவன் நான்தான். உறைந்த மீன், இறால், மரக்கறி வகைகளில் மூன்றில் ஒரு பங்கு 90 நாளாக அசையவே இல்லை என்று அது காட்டிக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடம் வியாபாரம் செய்தவர்கள் முன்னால், அதுவும் மாமா முன்னால், நான் என்ன கதைப்பது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

காசோலைகளில் கையெழுத்து வாங்க, கணக்கெழுதும் அக்கா உள்ளே வந்தார். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்கு வருபவர். எங்களுக்குச் சொந்தமும் இல்லை, ஊரும் இல்லை. மேசையில் கிடந்த ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டொலர் ஏறினா இந்த வாடகையை எத்தனை மாதம் கட்டலாம்?”

மாமா சிரித்தார். “பிள்ளை, நாங்கள் இருவது வருசமா டொலரிலைதான் வாங்கிறம்.” அங்கிள் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நான்கு பேரும் ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

ஜூன் 23, 2016. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து பிரித்தானியா விலகுவதா என்ற வாக்கெடுப்பு. விடிந்தபோது பவுண்ட், டொலருக்கு எதிராக 1985க்குப் பிறகு காணாத அளவுக்கு விழுந்திருந்தது. எங்கள் கொள்வனவுகள் எல்லாம் டொலரில். விலையை ஏற்றினோம்; கடைக்காரர்கள் பெரிய மொத்த வியாபாரிகளிடம் போனார்கள். 14 மாதத்தில் களஞ்சியத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மீதி ஒப்பந்தத்தில் இருந்து வெளியேறவும் கடனை அடைக்கவும் வீட்டை மறுபடி அடகு வைக்க வேண்டி வந்தது. அப்பாவுக்கு இப்போது 67 வயது. இன்னும் வான் ஓட்டுகிறார்.

வாக்கெடுப்பின் முடிவை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. அந்த அக்காவும் சொல்லவில்லை. அவர் கேட்டது ‘ஏறுமா?’ என்று அல்ல, ‘ஏறினால் தாங்குவோமா?’ என்று. அதற்கான பதில் எங்களிடம் இருந்தது. என் மடிக்கணினியிலேயே இருந்தது.

சட்டத்தில் ‘பேருக்கு’ என்று ஒரு பதவி இல்லை

இதை நான் மிகவும் தாமதமாகத்தான் படித்தேன். பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டு கம்பனிகள் சட்டம், 171 முதல் 177 வரையான பிரிவுகளில் ஒரு பணிப்பாளரின் ஏழு பொதுக் கடமைகளைச் சொல்கிறது. தனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்துக்குள் நிற்பது. கம்பனியின் நன்மைக்காக உழைப்பது. சுயமாக யோசித்து முடிவெடுப்பது. நியாயமான கவனம், திறமை, அக்கறையோடு நடப்பது. தன் நலனும் கம்பனியின் நலனும் மோதும் நிலையைத் தவிர்ப்பது. பதவியைக் காரணமாக வைத்து வெளியார் தரும் ஆதாயத்தை வாங்காமல் இருப்பது. கம்பனி செய்யப்போகும் ஒரு பேரத்தில் தனக்குப் பங்கிருந்தால் முன்கூட்டியே சொல்வது. முழுநேரமாக நடத்துபவருக்கும், வருடத்தில் நான்கு நாள் வந்து போகிறவருக்கும் இதே ஏழுதான்.

என்னை உறுத்தியது 174ஆம் பிரிவு. அந்தப் பொறுப்பில் இருக்கும் எவருக்கும் இருக்கவேண்டிய அளவு அறிவும் திறமையும் உங்களிடம் எதிர்பார்க்கப்படும். ‘நான் எஞ்சினியர், எனக்குக் கணக்கு தெரியாது’ என்பது சாட்டாகாது. அதோடு, உங்களிடம் உண்மையில் இருக்கும் கூடுதல் அறிவும் கணக்கில் எடுக்கப்படும். அதாவது அந்த 90 நாள் சரக்கு விபரத்தை வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். படித்த பிள்ளை என்று என்னை உட்கார வைத்தார்கள். படித்ததை நான் பயன்படுத்தவில்லை.

கம்பனி கடனில் மூழ்கினால் விடயம் இன்னும் கடுமையாகும். இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்த பிறகும், தெரிந்திருக்க வேண்டிய பிறகும், கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க எதுவும் செய்யாமல் தொடர்ந்து வியாபாரம் நடத்தினால், 1986ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டத்தின் 214ஆம் பிரிவின்கீழ் பணிப்பாளர் சொந்தக் காசைப் போடவேண்டி வரலாம். பொருத்தமற்றவர் என்று நீதிமன்றம் கண்டால் 2 முதல் 15 வருடம் வரை எந்தக் கம்பனிக்கும் பணிப்பாளராக இருக்க முடியாது. நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் பிரிவு எண்கள் மாறும், பொறுப்பு மாறாது. கனடாவின் மத்திய கம்பனிச் சட்டத்தில், கம்பனியால் கொடுக்க முடியாமல் போன ஊழியர் சம்பளத்துக்கு ஆறு மாதம் வரை பணிப்பாளர்களே தனிப்பட்ட முறையில் பொறுப்பாகலாம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒருவரைச் ‘சும்மா பேருக்கு வாங்கோ’ என்று கூப்பிடுவது நியாயமா?

எங்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கோ ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கோ அப்பா அம்மாவோடு போயிருப்பீர்கள். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டுவார்கள். யார் தெரிவாகிறார்? வயதில் மூத்தவர், காசு கொடுத்தவர், பேர் தெரிந்தவர். ஒன்றுகூடலும் நிதி சேர்ப்பும் நடத்த இது போதும். அங்கே பதவி என்பது ஒரு மரியாதை.

அதே பழக்கத்தைக் கம்பனிக்குக் கொண்டு வருகிறோம். அங்கே பதவி ஒரு வேலை.

ஆனாலும் இதைச் சொல்லும்போது எங்கள் பெற்றோரைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. அவர்கள் வந்த காலத்தில் வங்கி கடன் கொடுக்கவில்லை. சீட்டுப் பிடித்தும், நண்பனிடம் கைமாற்று வாங்கியும்தான் முதல் கடையைத் திறந்தார்கள். தாளில் எதுவும் இல்லை. வாய்ச்சொல்லும் நம்பிக்கையும்தான் முதலீடு. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இன்று நாங்கள் இங்கே இருந்து இதைக் கதைக்க மாட்டோம். என் அப்பா அந்த அங்கிளைச் சபையில் வைத்தது நன்றிக்காக. நன்றி நல்லதுதான். அதைக் காட்டப் பங்கு கொடுக்கலாம், வட்டியோடு திருப்பிக் கொடுக்கலாம், கடைத் திறப்பு விழாவில் நாடா வெட்டச் சொல்லலாம். முடிவெடுக்கும் மேசையில் ஓர் இடத்தை நன்றிக்கடனாகக் கொடுக்கக் கூடாது.

பெரிய பேர்கள் காப்பாற்றுவதில்லை

‘எங்கள் ஆட்களுக்குத்தான் இந்தக் குணம்’ என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2003இல் தெரானோஸ் என்ற கம்பனியைத் தொடங்கியபோது எலிசபெத் ஹோம்ஸுக்கு 19 வயது. விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் செய்யலாம் என்றார். அவருடைய பணிப்பாளர் சபையைப் பாருங்கள்: முன்னாள் வெளியுறவுச் செயலர்கள் ஜோர்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸிஞ்சர், முன்னாள் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெரி, முன்னாள் செனட்டர்கள், ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ். மருத்துவம் படித்தவர்கள் ஓரிருவர் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலானோர் அரசியலிலும் இராணுவத்திலும் பேர் எடுத்தவர்கள். ஒரு பரிசோதனை இயந்திரத்தின் முடிவு சரியா பிழையா என்று கேட்கத் தெரிந்தவர்கள் அல்ல.

ஷுல்ட்ஸின் பேரன் டைலர் அதே கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தான். பரிசோதனை முடிவுகளில் பிழை இருப்பதைக் கண்டு தாத்தாவிடமே போய்ச் சொன்னான். தாத்தா நம்பவில்லை. ஹோம்ஸைத்தான் நம்பினார். 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது; 11 வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை. அந்தப் பேரனை நினைக்கும்போதெல்லாம் மாமா முன்னால் வாய்திறக்காத என்னையும் நினைத்துக்கொள்வேன். அவனாவது சொன்னான்.

என் துறையில் இன்னொரு கதை எல்லோருக்கும் தெரியும். ஹைதராபாத்தில் இருந்த சத்யம் கம்பனி. 2008 டிசம்பர் 16இல், தலைவரின் குடும்பத்துக்குத் தொடர்புள்ள இரண்டு மேடாஸ் கம்பனிகளைச் சுமார் 160 கோடி டொலருக்கு வாங்க அதன் சபை ஏகமனதாக ஒப்புதல் கொடுத்தது. சத்யம் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பின்னாலிருந்து வாசித்தால் மேடாஸ் என்று வரும். தொடர்பு அவ்வளவு வெளிப்படை. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் முடிவைக் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7இல், கணக்கில் பல வருடங்களாகப் பொய் எழுதியதைத் தலைவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அந்தச் சபையில் கம்பனி நிர்வாகத்தையே பாடமாகக் கற்பித்த ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். கேள்விகள் எழாமல் இல்லை. ஆனால் கடைசியில் ‘ஏகமனதாக’.

அறிவாளிகளை வைத்திருப்பதாலோ பேர் பெற்றவர்களை வைத்திருப்பதாலோ சபை வேலை செய்வதில்லை. ‘இது எனக்கு விளங்கவில்லை, விளங்கும்வரை நான் ஒப்புதல் தரமாட்டேன்’ என்று ஒருவராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்வதால் அவருடைய சாப்பாடும் சொந்தமும் கெட்டுப்போகாத நிலையில் அவர் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் எப்படித் தேடுவது?

முதலில், உண்மையிலேயே இன்னொரு பணிப்பாளர் வேண்டுமா என்று கேளுங்கள். பிரித்தானியாவில் ஒரு தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளர் இருந்தால் போதும். உங்களுக்கு வேண்டியது ஆலோசனை மட்டும் என்றால் ஆலோசகர் போதும். அவருக்கு வாக்கு இல்லை. அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பவர்கள் நீங்கள். காசு வேண்டும் என்றால் முதலீட்டாளர் போதும். பங்கு வைத்திருப்பவர் வேறு, பணிப்பாளர் வேறு, சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேறு. சிறிய கம்பனிகளில் ஒரே ஆள் மூன்றாகவும் இருப்பதால் எங்களுக்கு இது குழம்பிப்போகிறது.

தம்பியின் அங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஆயிரம் போடுகிறவர் தன் காசுக்கு என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவது நியாயம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு அனுப்புவோம், குறித்த தொகைக்கு மேல் கடன் எடுப்பதென்றால் உங்களைக் கேட்போம் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு அவர் பணிப்பாளராக வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது, ஆளைத் தேடும் முன்னர் ஓட்டையைத் தேடுங்கள். அடுத்த மூன்று வருடத்தில் உங்களைக் கவிழ்க்கக்கூடிய முடிவுகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் கம்பனிக்கு அது நாணயமாற்றும் காசுப்புழக்கமும். சபையில் ஒருவருக்கும் அது தெரியாது. நான்கு பேருக்கும் சரக்கு வாங்கத் தெரியும். தம்பியின் கம்பனிக்கு அது பிள்ளைகளின் பாதுகாப்பு. 11 ஆசிரியர்கள் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறார்கள். ஒரு முறைப்பாடு வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் யாரிடம் சொல்ல வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும் என்று அந்த மூன்று பெடியன்களுக்கும் தெரியாது. பெற்றோல் நிலையம் நடத்திய அங்கிளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்களுக்குத் தேவை ஓய்வு பெற்ற ஒரு பாடசாலை உதவி அதிபர் போன்ற ஆள்.

மூன்றாவது, ‘இல்லை’ சொன்னால் அவர் எதை இழப்பார் என்று பாருங்கள். உங்கள் கணக்காளர் என்றால் ஒரு வாடிக்கையாளரை இழக்கலாம். உங்களுக்குப் பொருள் விற்பவர் என்றால் வியாபாரத்தை இழக்கலாம். மாமா என்றால் அடுத்த கலியாண வீட்டில் முகம் பார்க்க முடியாமல் போகலாம். சொந்தக்காரர் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்திலேயே முகத்துக்கு நேரே பேசும் ஒரு பெரியம்மா இருக்கிறார். சொந்தமாகக் கடை வைத்து நடத்தியவர். அப்பாவின் சபையில் அவர் இருந்திருந்தால் அந்தக் களஞ்சியம் வந்திருக்காது. அவரை ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

நான்காவது, பரிசோதியுங்கள். கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் ஒருவரின் பேரைத் தேடினால் அவர் எந்தெந்தக் கம்பனிகளில் பணிப்பாளராக இருந்தார், கணக்குகள் நேரத்துக்குப் போனதா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலும் அங்கே உண்டு. வங்குரோத்தில் இருந்து இன்னும் விடுபடாதவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பணிப்பாளராக முடியாது. 2025 நவம்பர் 18 முதல் புதிதாகச் சேருபவர் தன் அடையாளத்தையும் உறுதிப்படுத்த வேண்டும். ஒரு கம்பனி மூடப்பட்டது என்பதற்காக ஆளை ஒதுக்கிவிடாதீர்கள். ‘அதில் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். தன் பிழையைச் சொல்கிறாரா, மற்றவர்களை மட்டும் குறை சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

ஐந்தாவது, கடைசி ஒரு வருடக் கணக்கைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துச் சந்தியுங்கள். ‘நல்லா இருக்கு, வளர்ந்து வாறீங்கள்’ என்றால் நன்றி சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புங்கள். ‘பிப்ரவரியில் கையில் காசு ஏன் இவ்வளவு குறைந்தது?’ என்றால் அவரை விடாதீர்கள். இன்னொரு கேள்வியும் நான் கேட்பேன்: “கடைசியாக ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஓம் என்றபோது நீங்கள் இல்லை என்றது எப்போது? பிறகு என்ன ஆனது?” பதில் வராவிட்டால் அதுவே பதில்.

ஆறாவது, எல்லாவற்றையும் எழுதுங்கள். எத்தனை வருடம், வருடத்தில் எத்தனை கூட்டம், எவ்வளவு கொடுப்பனவு. சிறிய தொகையாக இருந்தாலும் கொடுங்கள். இலவசமாக வருபவரிடம் ‘ஏன் வாசிக்காமல் வந்தீர்கள்?’ என்று கேட்க உங்களுக்கு வாய் வராது. கூட்டத் தாள்கள் ஒரு வாரம் முன்பே போக வேண்டும். எண்ணிக்கையும் முக்கியம். இரண்டு பேர் மட்டும் இருந்து இரண்டு பக்கம் இழுத்தால் கம்பனி நின்றுவிடும்; சிறிய இடத்துக்கு மூன்று பேர் நல்லது. வெளியேறும் வழியும் தெரிந்திருக்க வேண்டும். பங்குதாரர்களில் பாதிக்கு மேற்பட்ட வாக்கோடு ஒரு பணிப்பாளரை நீக்க 168ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதாவது பாதிக்கு மேல் பங்கை வேறொருவருக்குக் கொடுத்தால், உங்களையே நீக்கும் வாக்கையும் கொடுத்துவிடுகிறீர்கள்.

எங்கள் வீட்டுக் கதையில் இருந்து இன்னொன்று. கூட்டத்தில் வயதில் இளையவரை முதலில் கதைக்க விடுங்கள். மாமா ஒரு முடிவைச் சொன்ன பிறகு எங்களில் எவரும் எதிர்த்துக் கதைப்பதில்லை. அது எங்கள் வளர்ப்பு. அதை ஒரு நாளில் மாற்ற முடியாது. ஆனால் கதைக்கும் ஒழுங்கை மாற்றலாம். அதற்கு எந்தச் சட்டமும் காசும் தேவையில்லை.

உங்களைக் கேட்டால்?

வெட்கப்படாமல் இவற்றைக் கேளுங்கள். கடைசிக் கணக்கைப் பார்க்கலாமா? கடன் எவ்வளவு, யார் பிணை நிற்கிறார்கள்? எனக்கும் பிணைக் கையெழுத்து வருமா? வரியும் சம்பளமும் நேரத்துக்குப் போகிறதா? பணிப்பாளர்களுக்கான காப்புறுதி இருக்கிறதா? நான் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கேட்பது அப்பா என்றாலும்தான். அது அவரை அவமதிப்பது ஆகாது. வாசிக்காமல் வைத்த என் கையெழுத்து அவருக்கு எந்த மதிப்பையும் கொடுக்கவில்லை.

களஞ்சியம் போன பிறகு, அப்பா அந்தக் கணக்கெழுதும் அக்காவிடம் போய்ப் பணிப்பாளராக வரச் சொன்னார். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. மூன்று வருடக் கணக்கையும் கேட்டு வாங்கி, இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். முதல் கூட்டத்திலேயே, மாமாவின் மச்சானிடம் இருந்து ஏன் கூடிய விலைக்குப் பெட்டிகள் வாங்குகிறோம் என்று கேட்டார். மாமா இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. பெட்டியின் விலை குறைந்தது. கம்பனி இன்று சிறியதுதான். ஆனால் கடன் இல்லை.

தம்பியிடம் நான் மாட்டேன் என்றதற்கு இதுதான் காரணம். அவனுடைய கம்பனியில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே மென்பொருள் தெரியும்; என் அறிவு அங்கே தேவையில்லை. அதைவிட, அவனை எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வராது. தொலைபேசியில் ஒரு தடவை சொன்னதற்கே இரண்டு நாள் மனம் சரியில்லாமல் இருந்தது. வருடத்தில் இரண்டு தடவை அவர்களுடைய கணினி அமைப்பைப் பார்த்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அங்கிளோடு ஒப்பந்தம் எழுதுகிறார்களாம். அவருக்கும் அதுவே வசதியாம். ஓய்வு பெற்ற ஒரு உதவி அதிபரைப் போய்ப் பார்த்தார்களாம். “அண்ணா, அந்த மிஸ் ஒரு மணித்தியாலமா எங்களைக் கேள்வி கேட்டுக் கொண்டுட்டா. ஒண்டுக்கும் எங்களிட்டைச் சரியான பதில் இல்லை. என்ன செய்யிறது?”

அவரையே கேளுங்கோ, வரமாட்டேன் என்று சொல்ல முன்னம், என்று பதில் எழுதினேன்.